மிதவை சொல்ற நம்பர நம்பலாமா?

கேள்வி: கடலோட நெலமைய சென்சார் போட்டு கண்காணிக்கிறாங்களாமே சார், அதான் மேல சேட்டிலைட் இருக்கே, அது போதாதா?

பதில்: சேட்டிலைட் மேலாப்புல இருக்கற தண்ணியத்தான் பாக்கும், வெளிச்சமும் சரி ரேடியோ அலையும் சரி உப்புத்தண்ணிக்குள்ள ரொம்ப தூரம் போகாது, அதனால உள்ள எதையாவது எறக்கித்தான் ஆகணும். அதுக்குத்தான் ஆர்கோ மிதவை. 1999ல போட ஆரம்பிச்சாங்க, இப்போ உலகம் பூரா சுமார் 4,000 சுத்திட்டு இருக்கு. நீந்துறதுக்கு ப்ரொப்பெல்லர்லாம் கெடையாது. உள்ள இருக்கற எண்ணெய வெளிய ஒரு பைக்குத் தள்ளுனா மேல வரும், திரும்ப இழுத்துக்கிட்டா முங்கும். 1,000 மீட்டர் ஆழத்துல நீரோட்டம் போற போக்குல கெடந்துட்டு, 10 நாளைக்கு ஒருக்கா 2,000 மீட்டர் வரைக்கும் எறங்கி, அங்கேர்ந்து ஏற ஏற சூடு, உப்பு, அழுத்தம்னு அளந்துட்டே வந்து சேட்டிலைட்டுக்கு அனுப்பிட்டு மறுபடி முங்கிடும். அந்த டேட்டாவ யாரு வேணா ஃப்ரீயா எடுத்துக்கலாம், எனக்கு இதுல ரொம்ப புடிச்சதே அதான்.

கேள்வி: சூடும் உப்பும் தெரிஞ்சா கடல் நல்லா இருக்கான்னு சொல்லிட முடியுமா?

பதில்: முடியாது. அதனாலதான் சில மிதவைங்கள்ல ஆக்சிஜன், பிஎச் (தண்ணில அமிலம் எவ்ளோன்னு சொல்ற நம்பர், அது எறங்குனா அமிலம் ஏறுதுன்னு அர்த்தம்), நைட்ரேட், குளோரோஃபில்ங்கற பச்சையம் இதெல்லாம் அளக்குற சென்சாரும் சேத்து வெக்கிறாங்க. நாம வெளிய விடுற கார்பன் டை ஆக்சைடுல கிட்டத்தட்ட கால்வாசிய கடல் உறிஞ்சிக்குது, அதுல மேல்தண்ணியோட பிஎச் 8.2லேர்ந்து 8.1க்கு எறங்கிடுச்சு. 0.1 தானேன்னு விட்றாதீங்க, அது லாக் கணக்கு, அதாவது ஒன்னு எறங்குனா அமிலம் பத்து மடங்கு ஏறும், அதனால 0.1ன்னாலே அமிலத்தன்மை கால்வாசிக்கும் மேல ஏறியிருக்குன்னு அர்த்தம், ஓடு கட்டுற சிப்பிக்கும் பவளத்துக்கும் அது பெரிய தலைவலி.

கேள்வி: வருஷக்கணக்கா தண்ணிலயே கெடக்குற சென்சார் சரியா காட்டுமா?

பதில்: இதான் சரியான கேள்வி. சென்சார் செய்யறது ஒரு கஷ்டம்னா அது சொல்ற நம்பர நம்புறது அதவிட பெரிய கஷ்டம். கரையோரம் கட்டி வெச்சா கொஞ்ச நாள்லயே பாசியும் கொட்டலசும் புடிச்சு கண்ண மறைச்சிடும், அதுக்கு செம்பு மூடி, துடைக்கிற வைப்பர், புற ஊதா விளக்குன்னு என்னென்னமோ வெக்கிறாங்க. மிதவைக்கு அந்தத் தொல்ல கம்மி, முக்காவாசி நேரம் இருட்டுலயும் குளிர்லயும்தானே கெடக்குது. ஆனா சென்சார் காட்டுற நம்பர் தானாவே கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப்போயி தப்பாயிடும். அதுக்கு ஒரு அருமையான ஐடியா புடிச்சாங்க பாருங்க, ஆக்சிஜன் சென்சார மேல வரும்போது தண்ணிக்கு வெளிய நீட்டி காத்த அளக்க விடுறது, காத்துல ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்னு எல்லாருக்கும் தெரியும்ல, எவ்ளோ தள்ளி காட்டுதோ அத கழிச்சிக்கலாம். பிஎச்சுக்கு அப்படி காத்து உதவாது, அதனால அதிகமா மாறாத ஆழ்தண்ணியோட ஒப்பிட்டுத்தான் திருத்துறாங்க.

கேள்வி: மைக்ரோ பிளாஸ்டிக்கையும் இதுலயே அளக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இல்ல. வலை போட்டு அள்ளி, வடிகட்டி, லேப்ல வெச்சுதான் பாக்குறாங்க.

கேள்வி: பேட்டரி தீந்தா அந்த மிதவையே குப்பைதானே சார்?

பதில்: ஆமா, குப்பைதான். நாலஞ்சு வருஷம் ஓடும், அப்புறம் பெரும்பாலானத திரும்ப எடுக்கறதில்ல, கடல்லயே போயிடும். ஒன்னே ஒன்ன தேடி ஒரு கப்பல அனுப்புனா அது எரிக்கிற டீசல் இதவிட மோசம்னு சொல்றாங்க, அந்தக் கணக்கு சரிதான், ஆனா கேக்கறதுக்கு எனக்கும் உறுத்தத்தான் செய்யுது.