நகமுரா, ஓனோவை விட நகாட்டாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு புகழ்?

பந்தைத் தொடும் அழகை மட்டும் பார்த்தால் என் ஓட்டு ஷுன்சுகே நகமுராவுக்குத்தான். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது புகழைப் பற்றி. அதில் ஹிடெதோஷி நகாட்டாவை அவர் தலைமுறை ஜப்பானியக் கால்பந்து மிட்ஃபீல்டர்கள் (நடுக்கள வீரர்கள்) யாரும் நெருங்கவில்லை. அது வெறும் விளம்பரத்தால் வந்த பெயர் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

1998-இல் ஜப்பான் முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போய் மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியது. அந்த அணியிலிருந்த 21 வயது நகாட்டாவை இத்தாலியின் பெரூஜா கிளப் எடுத்தது. அதற்கு முன் இன்னொரு இத்தாலியக் கிளப்பான ஜெனோவாவில் ஒரு சீசன் ஆடிய ஜப்பானியர் கசுயோஷி மியூரா அடித்தது ஒரே ஒரு கோல். ஜப்பான்காரரை வாங்குவதே ஸ்பான்சர் பணத்துக்கும் சட்டை விற்கவும்தான் என்ற பேச்சு இருந்தது. நகாட்டா தன் முதல் லீக் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் யுவென்டஸுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். பெரூஜா 4-3 என்று தோற்றாலும் அந்தப் பேச்சு அன்றோடு அடங்கத் தொடங்கியது. ஜிடானும் ரொனால்டோவும் பாடிஸ்டுட்டாவும் ஆடிக்கொண்டிருந்த லீக் அது. அங்கே முதல் சீசனிலேயே 10 கோல் அடித்தவரை உலகம் கவனிக்காமல் இருக்குமா?

அடுத்து ரோமா கிளப். 2001 மே 6, டூரினில் யுவென்டஸிடம் ரோமா 2-0 பின்தங்கியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர்களுக்கான கட்டுப்பாடு சில நாட்களுக்கு முன்புதான் நீங்கியிருந்தது. இல்லையென்றால் நகாட்டா அன்று பெஞ்சில்கூட உட்கார்ந்திருக்க முடியாது. பயிற்சியாளர் கபெல்லோ, ரோம் நகரமே கொண்டாடும் டோட்டியை வெளியே எடுத்துவிட்டு அவரை இறக்கினார். தூரத்திலிருந்து அடித்து ஒரு கோல். ஆட்டம் முடியும் நேரத்தில் அவர் அடித்த இன்னொரு பந்தை கோல்கீப்பர் வான் டெர் சார் தட்டிவிட, மொன்டெல்லா உள்ளே தள்ளினார். 2-2. அந்த ஆண்டு லீக் பட்டம் ரோமாவுக்கு.

நகமுராவுக்கு இப்படி ஒரு மேடை அமையவில்லை. சொந்த மண்ணில் நடந்த 2002 உலகக் கோப்பைக்கு ஜப்பான் பயிற்சியாளர் ட்ரூசியே அவரை எடுக்கவே இல்லை. அந்த முடிவு எனக்கு இன்னும் ஆறவில்லை. 2006 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீ கிக், அவர் ஆடிய ஸ்காட்லாந்து கிளப் செல்டிக்கை முதல்முறையாக சாம்பியன்ஸ் லீக்கின் கடைசி 16-க்குக் கொண்டுபோனது. ஆனால் வாராவாரம் ஸ்காட்லாந்து லீக்கை யார் பார்த்தார்கள்? ஷின்ஜி ஓனோ 2002-இல் நெதர்லாந்து கிளப்பான ஃபெயனூர்டோடு, ஐரோப்பியக் கிளப்களுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையே வென்றவர். அவரைக் காயங்கள் விடவில்லை.

நகாட்டா விலகிய விதமும் ஒரு காரணம். 2006 உலகக் கோப்பையில் பிரேசிலிடம் தோற்றதும் மைதானத்தில் வெகுநேரம் மல்லாந்து கிடந்தார். சில நாட்களில் ஓய்வை அறிவித்தார். வயது 29. ரசிகர்கள் அவர் தளர்ந்து ஆடிப் பார்க்கவே இல்லை.

நகமுரா 44 வயது வரை ஆடினார். 2013-இல், 35 வயதில், இரண்டாம் முறையாக ஜப்பானின் ஜே லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். ஜே லீக்கைத் தொடர்ந்து பார்த்த ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டால், அவர் நகமுராவிலிருந்து தொடங்கினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.