பாதியில் விட முடியவில்லை

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு வயது 39. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். குடி, சிகரெட் கிடையாது. வீடியோ கேம் மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி பேசுவதைக் கேட்டால் நான் ஏதோ சீட்டாடிச் சொத்தை அழித்தவன் மாதிரி இருக்கும்.

தொடங்கிய கேமை என்னால் பாதியில் விட முடியாது. இதுதான் என் பிரச்சினை. கடைசிச் சண்டை முடிந்து திரையில் பெயர்கள் ஓடினால் அது எனக்கு முடிவு ஆகாது. பக்கப் பணிகள், சேகரிக்க வேண்டிய சாமான்கள், டிராபிகள் எல்லாம் வர வேண்டும். பிளேஸ்டேஷன் என்றால், மற்ற டிராபிகள் எல்லாம் வந்த பிறகு தரும் பிளாட்டினம். ஃபைனல் ஃபேன்டஸி 10-ல் இடி விழும் சமவெளி ஒன்று வரும். அங்கே தொடர்ந்து 200 மின்னல்களுக்குத் தப்ப வேண்டும். 190-ல் கை தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான். ஒரு பள்ளத்தின் ஓரத்தில் போய் வந்து மின்னலை நாமே வரவழைக்கும் உத்தியைப் படித்து அதையும் முடித்தேன். முதல் அசாசின்ஸ் கிரீடில் 420 கொடிகள். வரைபடத்தில் காட்டாது, எடுத்தாலும் கைக்கு ஒன்றும் வராது. எடுத்தேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்காதீர்கள்.

குற்றம் என் மேல் மட்டுமா? இந்தக் காலத்து கேம்களின் அளவைப் பாருங்கள். சிறு வயதில் விளையாடியவை ஒரே விடுமுறையில் முடிந்துவிடும். இப்போது வரைபடம் முழுக்கக் கேள்விக்குறி. தி விட்சர் 3-ல் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடலெல்லாம் கேள்விக்குறிகள். ஒவ்வொன்றுக்கும் படகை ஓட்டிப் போய், முங்கி, பெட்டியைத் திறந்தால் உள்ளே விற்கிற சாமான்தான் இருக்கும். இவ்வளவையும் போட்டு வைத்துவிட்டு, விளையாடுகிறவனை வியாதிக்காரன் என்றால் எப்படி?

மனைவி கேட்பது ஒன்றே ஒன்று. "முடிக்கலீன்னா யாருங்க உங்கள அடிக்கப் போறாங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் முடிக்காத கேம் ஒன்று இருந்தால் எனக்கு வேறெதிலும் மனம் ஒட்டாது. ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறேன். பெயர், தொடங்கிய தேதி, சதவீதம். 100 ஆகாத வரிகள் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் வயிற்றில் ஒரு மாதிரி செய்யும். நண்பர்கள் பத்து கேம் வாங்கி ஒன்றைக்கூட முடிக்காமல், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எதையும் பாதியில் விடாதவனைக் கேலி செய்கிற காலம். "தொட்டதை முடிடா" என்று சொல்லி வளர்த்தவர் என் அப்பா. அது தப்பா?

வேலையில் குறை கிடையாது. தூக்கம் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். கேமுக்காகக் கடன் வாங்கியதில்லை.

வீட்டில் சண்டை வந்ததே போன மாதம்தான், அதுவும் உப்புப் பெறாத விஷயத்துக்கு. மைத்துனர் துபாயிலிருந்து என் பையனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்கி வந்தார். அவனுக்கு 9 வயது. செல்டா, பிரெத் ஆஃப் தி வைல்ட் விளையாடுகிறான். விளையாடுகிறானா என்பதே சந்தேகம். மலை ஏறுவான், கேடயத்தின் மேல் நின்று சறுக்குவான், கண்டதைப் போட்டுச் சமைப்பான். ஷ்ரைன் எனும் புதிர்க் கோயில்களைக் கண்டுபிடித்துவிட்டு உள்ளே புதிரை முடிக்காமல் வந்துவிடுவான். வரைபடத்தில் அவையெல்லாம் ஆரஞ்சும் நீலமுமாகப் பாதியில் கிடந்தன. அவன் தூங்கிய பிறகு நான் உட்கார்ந்து 120-ஐயும் நீலமாக்கினேன், உலகம் முழுக்க ஒளித்து வைத்திருக்கும் கொரோக் விதைகளையும் தேட ஆரம்பித்தேன். லாயத்தில் 5 குதிரைக்குத்தான் இடம் என்பதால், அவன் பிடித்து 'மணி' என்று பெயர் வைத்திருந்த புள்ளிக் குதிரையை விடுவித்துவிட்டு, பக்கப் பணியில் வரும் வெள்ளைக் குதிரையைப் பதிவு செய்தேன். மணி வேகத்திலும் சுமார், பலத்திலும் சுமார். காலையில் பார்த்துவிட்டு அழுதான். பிள்ளைகள் எதற்குத்தான் அழாது? இப்போது எந்த கேமைக் காட்டினாலும், "இத முடிச்சே ஆகணுமாப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். அது போகட்டும்.

என் கேள்விகள் இரண்டு. இது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயா, இல்லை கேமிங் அடிமைத்தனம் என்கிறார்களே, அதுவா? இன்னொன்று, அண்ணன் மகன் என் பிளேஸ்டேஷன் கணக்கில் ஆன்லைன் கேம் ஒன்றைத் தொட்டு 3 சதவீதத்தில் விட்டுவிட்டான். சர்வரை மூடிவிட்டார்கள், இனி யாராலும் அதை முடிக்க முடியாது. அதைப் பட்டியலிலிருந்து எப்படி நீக்குவது? தினமும் கண்ணில் படுகிறது.

பெயர் வேண்டாம்,
கோவை.

*

அன்புள்ள நண்பருக்கு,

"அது போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். போக விட முடியாது. 200 மின்னலும் 420 கொடியும் உங்கள் பாடு. கோவையில் ஒரு 9 வயதுப் பையன் கேமைக் கையில் எடுக்கும் முன் "இத முடிச்சே ஆகணுமாப்பா" என்று கேட்கிறான், கேட்டுவிட்டு விளையாடாமலே எழுந்து போகிறான். உங்கள் கடிதத்தில் உதவி தேவைப்படுவது முதலில் அவனுக்குத்தான்.

அவன் சரியாக விளையாடவில்லை என்கிறீர்கள். இதில் நான் அவன் பக்கம். அந்த கேமில் கொரோக் விதைகள் மொத்தம் 900. ஆயுதம், வில், கேடயம் வைக்கும் இடங்களை எல்லாம் முழுக்கப் பெருக்கிக்கொள்ள 441 போதும். மீதி 459-க்குப் பையில் ஒரு வேலையும் இல்லை. 900-ஐயும் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்க நிறத்தில், மலம் போன்ற உருவத்தில் ஒரு பொருள். செய்தவர்கள் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? எந்தத் திசையில் நடந்தாலும் ஒன்றிரண்டாவது தட்டுப்படட்டும் என்றுதான் அவ்வளவு தூவியிருக்கிறார்கள். மலை ஏறி, சறுக்கி, கண்டதைச் சமைத்துப் பார்க்கிற பிள்ளைக்காகச் செய்த கேம் அது. வரைபடத்தில் சதவீதம் தெரியத் தொடங்குவதே கடைசி வில்லன் கேனனை வீழ்த்திய பிறகுதான். அதுவரை அந்த எண்ணை அவர்கள் மறைத்தே வைத்திருக்கிறார்கள்.

மணியையும் சும்மா விட முடியாது. அந்த கேமில் புள்ளிக் குதிரைகள் பலம் குறைந்தவைதான், ஆனால் சாதுவானவை, சீக்கிரம் பழகும். அதனால்தான் ஒரு சிறுவனின் கைக்கு அது வந்தது. அவன் பதுங்கிப் போய்ப் பிடித்து, தட்டிக்கொடுத்து, பெயர் வைத்து லாயத்தில் கட்டியது. செத்த குதிரையை உயிர்ப்பித்துத் தர அந்த உலகத்தில் ஒரு குதிரைத் தெய்வம் உண்டு. நீங்கள் விடுவித்ததை அதனாலும் திருப்பித் தர முடியாது. சேமித்ததும் போயிற்று. அந்த கேமில் ஒரு பயனருக்கு ஒரே பயணம்தான், பழைய ஆட்டோசேவ்களின் மேல் புதியவை ஏறிவிடும். இதைக் காலையில் பார்த்து அழுத பிள்ளையைப் பற்றி "எதற்குத்தான் அழாது" என்று எழுதுவது உங்களைப் போன்ற கவனமான மனிதருக்கு அழகல்ல.

1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாக்களால் தானாகவே படம் வரைந்து மகிழும் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்குத் தரவே இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் அந்தப் பேனாக்களோடு செலவழித்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாகியிருந்தது. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. முன்கூட்டி விதித்த இலக்குதான் ஆசையைத் தின்றது. உங்கள் மகனுக்கு நீங்கள் சான்றிதழ்கூடத் தரவில்லை. வேலையை மட்டும் காட்டினீர்கள்.

குற்றம் கேம்களின் மேல் என்கிறீர்கள். ஓரளவு உண்மை. எக்ஸ்பாக்ஸ் 360-ல் 2005-லும் பிளேஸ்டேஷன் 3-ல் 2008-லும் இந்தப் பதக்கக் கணக்கு வந்த பிறகு, முடிக்காதது எதுவும் கண்ணுக்கு மறைவாக இருக்க வழியில்லாமல் போயிற்று. ஆனால் ஸ்விட்ச் கருவியில் டிராபி என்ற ஏற்பாடே கிடையாது. அங்கே யாரும் உங்களிடம் 100 கேட்கவில்லை. எக்செல் ஷீட்டை நீங்கள் கொண்டுபோனீர்கள். இதை நீங்கள் ஒப்புக்கொண்டால், அடுத்து நான் சொல்வது பயன்படும்.

உங்கள் வயிற்றில் "ஒரு மாதிரி" செய்வதற்குப் பழைய ஆய்வு ஒன்று துணை இருக்கிறது. பெர்லினில் உளவியலாளர் கூர்ட் லெவினின் மாணவியர் இருவர். புளூமா ஸைகார்னிக் 1927-ல், நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்தவற்றைவிட நினைவில் தங்குகின்றன என்றார். மரியா ஒவ்சியான்கினா 1928-ல், நடுவில் நிறுத்தப்பட்ட வேலைக்கு ஆட்கள் யாரும் சொல்லாமலே திரும்பிப் போகிறார்கள் என்று காட்டினார். முதலாவது பிற்காலச் சோதனைகளில் உறுதியாக நிற்கவில்லை. இரண்டாவது நின்றது. ஆக, முடித்தே ஆக வேண்டும் என்ற அரிப்பு எல்லோருக்கும் வருகிறது. உங்கள் நண்பர்கள் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் அது அடங்குகிறது. நீங்கள் ஒவ்வொரு முறையும் முடித்துக் காட்டியே அடக்கியதால், தானாக அடங்கும் என்பதைப் பார்க்க உங்களுக்கு வாய்ப்பே வரவில்லை. 2011-ல் மசிகாம்போவும் பாமைஸ்டரும் இன்னொன்றைக் காட்டினார்கள். வேலையை முடிக்க வேண்டியதில்லை, அதை என்ன செய்யப் போகிறோம் என்று திட்டமாகத் தீர்மானித்தாலே மனம் அதை நச்சரிப்பதை நிறுத்துகிறது.

அப்பா சொன்னது தப்பில்லை. வேலைக்கும் கொடுத்த வாக்குக்கும் சொன்னார். பொழுதுபோக்குக்கு அதே சட்டத்தைப் போட்டால், பேருந்தில் வீடு வந்த பிறகும் கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுத்தேனே என்று இறங்காமல் உட்கார்ந்திருப்பவர் கதைதான். 420 கொடிகளைப் பற்றி "சந்தோஷமாக இருந்ததா என்று கேட்காதீர்கள்" என்று நீங்களே எழுதினீர்கள். கேட்கவில்லை. பதில் அந்த வரியிலேயே இருக்கிறது.

ஓசிடியா, அடிமைத்தனமா? உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்படுவது. இவை பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். வேலையும் பணமும் ஒழுங்காக இருக்கும் உங்கள் கடிதத்தை வைத்து அந்தப் பெயரைச் சூட்ட மாட்டேன். ஓசிடி பற்றி ஒன்று கேட்கிறேன். கேமுக்கு வெளியேயும் இப்படித்தானா? பிடிக்காத படத்தைக் கடைசி வரை பார்த்தே ஆவது, மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, ஒரு பொருள் "சரியாக" அமையும் வரை நகர முடியாமல் நிற்பது? ஆம் என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரிப்பை எதிர்கொண்டு, செய்யாமல் பொறுக்கப் பழக்கும் சிகிச்சை ஓசிடிக்கு நல்ல பலன் தருகிறது. முதலில் பேசிப் பார்க்க வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இன்று மாலை மகனிடம் மணியை விடுவித்தது தப்பு என்று சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், வெள்ளைக் குதிரையின் பெருமையும் வேண்டாம். ஸ்விட்சில் 8 பயனர்கள் வரை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொருவருக்கும் சேமிப்பு தனி. உங்களுக்கு வேறு பயனர் தொடங்குங்கள். பழைய பயணத்தைத் தொடர்வதா, அவனுக்கும் புதிய பயனர் வைத்து முதலிலிருந்து தொடங்குவதா என்பதை அவன் முடிவு செய்யட்டும். அவன் விளையாடும்போது பக்கத்தில் உட்காருங்கள், கன்ட்ரோலரைக் கேட்காதீர்கள். ஆரஞ்சும் நீலமுமாக ஒரு ஷ்ரைன் தெரிந்தால் வாயையும் திறக்காதீர்கள். அவன் கேள்விக்கு "வேண்டாம்" என்பது போதும். "வேண்டாம், ஆனால்" என்று இழுக்காதீர்கள்.

உங்களுக்கான பயிற்சி: கையிலிருப்பதில் மிகக் குறைவாகப் பிடித்த கேமைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பணியின் நடுவில், அசிங்கமான ஓர் இடத்தில் நிறுத்துங்கள். அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்தினால் அது பயிற்சி ஆகாது. யூடியூபில் முடிவைப் பார்க்கக் கூடாது, அது வேறு வழியில் முடிப்பதுதான். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அரிப்பு ஏறும், உச்சத்தில் கொஞ்சம் நிற்கும், இறங்கும். எக்செல் ஷீட்டில் சதவீதப் பத்தியை அழித்துவிட்டு "எதுவரை" என்று மாற்றுங்கள். இனி எந்த கேமையும் தொடங்கும் முன் அதை நிரப்பிவிடுங்கள்: "கதை முடியும் வரை", "சலிக்கும் வரை". அங்கே வந்ததும் அந்த வரி பச்சை.

அந்த 3 சதவீதம். ஒரு டிராபிகூட எடுக்காத கேமைத்தான் பட்டியலிலிருந்து நீக்க முடியும். ஒன்று வந்துவிட்டால் முடியாது. மற்றவர்கள் பார்வையிலிருந்து மறைக்கலாம், உங்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். மறைக்கவும் வேண்டாம். உங்களுக்கு இதைவிடத் தோதான பயிற்சி நான் தேடினாலும் கிடைக்காது.