ஜப்பான் பயணத்தில் ஒரே ஒரு வகுப்பு: எந்தக் கருவியைத் தொடலாம்?

கேள்வி: ஜப்பான் போகும்போது அங்குள்ள பாரம்பரியத் தந்திக் கருவி ஒன்றை ஒரு வகுப்பிலாவது தொட்டுப் பார்க்க ஆசை. எதைத் தேர்ந்தெடுக்கலாம்? புதிதாகத் தொடுபவருக்கு ஒரு மணி நேரத்தில் ஏதாவது வருமா?

வரும். ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியாவது வரும். ஆனால் அது எந்தக் கருவியை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கோதோவில் 13 தந்திகள். சுரத்துக்கு ஏற்றபடி அதன் குதிரைகளை, அதாவது தந்திகளைத் தாங்கும் துண்டுகளை, முன்கூட்டியே நிறுத்தி வைத்திருப்பார்கள். நகம் மாட்டிய விரலால் தொட்டாலே நல்ல ஒலி வந்துவிடும். ஷாமிசென் அப்படியில்லை. விசிறி போன்ற பெரிய மீட்டுகோலால் தந்தியையும் தோலையும் ஒரே அடியில் அடிக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு. கால் மரத்துப்போவதற்குள் பாட்டு வந்தால் அதிர்ஷ்டம்.

என்னைக் கேட்டால் ஒகினாவா போய் சான்ஷின் வாசித்துப் பாருங்கள் என்பேன். மூன்றே தந்தி, மலைப்பாம்புத் தோல் போர்த்திய சின்னக் குடம், மடியில் அடங்கிவிடும் அளவு. சீனாவின் சான்ஷியான், ஒகினாவா இருக்கும் ரியூக்கியூ தீவுகளுக்கு வந்து சான்ஷின் ஆனது. அங்கிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் பெருநிலத்துக்குப் போய் ஷாமிசென் ஆனது. போன இடத்தில் பாம்புத்தோல் பூனைத்தோல் ஆகிவிட்டது.

போன வருடம் ஒகினாவாவின் தலைநகரான நாஹாவில் கொக்குசாய் தெருவுக்குப் பின்னால், படியேறிப் போகும் ஒரு சின்ன அறையில் எனக்கு வகுப்பு. ஒரு மணி நேரம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் சொல்லிக்கொடுத்தார். அவரை ‘சென்செய்’, அதாவது ஆசிரியர், என்றுதான் கூப்பிட வேண்டும். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜப்பானியம் வராது, நடுவில் என் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி.

முதலில் கருவியின் உறுப்புகளைக் காட்டினார். விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கறுப்புத் தண்டியைத் தொட்டு மரத்தின் பெயர் சொன்னார். நம் கருங்காலிக்கு உறவான மரம். (அந்த ஊரில் யாரும் அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிவதாகத் தெரியவில்லை.) பிறகு தோலின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் மூங்கில் துண்டைக் காட்டி ‘உமா’ என்றார். செயலி ‘குதிரை’ என்று காட்டியது. நான் சிரித்துவிட்டேன். சின்ன வயதில் இரண்டு வருடம் வீணை கற்றுக்கொண்டு பாதியில் விட்டவன் நான். வீணையிலும் அது குதிரைதான். இதை அவருக்குப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆனது, வீணையின் படத்தையெல்லாம் தேடிக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த வீணைதான் அன்றைக்கு என் எதிரியும்கூட. எருமைக்கொம்பில் செய்த மீட்டுகோலை வலது ஆள்காட்டி விரலில் மோதிரம் போல நுழைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டைத் தளர்த்தி, கையின் கனத்தாலேயே தந்தியின் மேல் விழவிட வேண்டும். எனக்கோ விரல் தந்தியைச் சுண்டி இழுக்கவே போகிறது. சென்செய் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு துணியை உதறுவது போல இரண்டு தடவை உதறிவிட்டார். அதன் பிறகுதான் ‘டெங்’ என்று உருப்படியாக ஓர் ஒலி வந்தது.

இடது கையில் இன்னொரு வம்பு. வீணையின் தண்டியில் சுரத்துக்கு இடம் காட்டும் மெட்டுகள் இருக்குமே, சான்ஷினில் அவை கிடையாது. புதியவர்களுக்காகத் தண்டியில் சின்ன ஒட்டுத்தாள் ஒட்டி இடம் காட்டியிருக்கிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றுக்கும் வேலை உண்டு, மோதிர விரல் சும்மா இருக்கும். எனக்குப் பழக்க தோஷம், வைத்த விரல் தானாகவே தந்தியைக் கொஞ்சம் அசைத்தது. அவர் தலையை ஆட்டி, நேர்க்கோடு ஒன்றைக் காற்றில் வரைந்து காட்டினார். கமகமெல்லாம் வேண்டாம், சுரம் நின்ற இடத்தில் நிற்கட்டும் என்று அர்த்தம்.

இசைக்குறிப்பு ஒரு தாளில் கட்டம் கட்டமாக இருந்தது. மேலிருந்து கீழே, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சீன எழுத்து. அது சுரத்தின் பெயர் இல்லை, எந்தத் தந்தியில் எந்த விரல் என்பதற்கான அடையாளம். இந்தக் குறிப்பு முறைக்குப் பெயர் குன்குன்ஷி. நாம் ‘சரிகம’ என்று சொல்வது போல அதன் எழுத்துகளையே சேர்த்து வைத்த பெயர். சீன எழுத்து தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு எழுத்துதான், படமாக நினைத்துக்கொண்டால் போதும்.

சுருதி சேர்த்தால் தந்திகள் ச, ம, மேல் ச என்று நிற்கின்றன. தடித்த தந்தி ஆண், மெல்லியது பெண், நடுவிலிருப்பது நடுத்தந்தி. ஆண் தந்தியை வெறுமனே மீட்டினால் ச, அதிலேயே சுண்டுவிரல் வைத்தால் க. நடுத்தந்தி வெறுமனே ம, ஆள்காட்டி விரல் ப, சுண்டுவிரல் நி. பெண் தந்தி மேல் ச. இதை ஏறுவரிசையில் வாசித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ச க ம ப நி ச. நம் கம்பீரநாட்டையேதான். கோயிலில் சுவாமி புறப்படும்போது நாகசுரத்தில் மல்லாரி வாசிப்பார்களே, அந்த ராகம். ஒகினாவாப் பாட்டுகளுக்கு அடித்தளமே இந்த ஐந்து சுரங்கள்தான். சில பாட்டுகளில் ரி எட்டிப் பார்க்கும். இரண்டு ஊருக்கும் பூர்வஜென்ம பந்தம் என்றெல்லாம் கதை கட்ட நான் தயாரில்லை. ஆனால் காது அந்த இடத்தில் ஊருக்குப் போய்விட்டு வந்தது.

அவர் எடுத்த பாட்டு ‘தின்சகு நு ஹானா’, அங்கே எல்லோருக்கும் தெரிந்த நாட்டுப்பாட்டு. தின்சகு என்றால் காசித்தும்பை. காசித்தும்பைப் பூவால் விரல்நுனியைச் சிவக்க வைப்பது போல, பெற்றோர் சொல்லை மனத்தில் ஏற்றிக்கொள் என்பது பொருள். மருதாணி வைத்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. செயலிதான் இந்த வரிகளில் தடுமாறி ஏதேதோ உளறியது. ஏனென்றால் இது ஜப்பானிய மொழி இல்லை, ஒகினாவா மொழி. ரியூக்கியூ 1879 வரை தனி அரசாக இருந்த இடம். 2009-இல் யுனெஸ்கோ இந்த மொழியை அழியும் ஆபத்திலிருக்கும் மொழிகளின் பட்டியலில் சேர்த்தது. இளையவர்களில் பலருக்கு இப்போது பாட்டு வழியாகத்தான் இந்த மொழி தெரியும் என்றார் சென்செய்.

வகுப்பு முடிந்ததும் அவர் அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். டப்பாவில் தண்டியைச் செருகி மூன்று தந்தி கட்டியிருந்தது. பெயர் கான்கரா சான்ஷின். 1945-இல் போரில் ஊரே தரைமட்டமான பிறகு, அமெரிக்க ராணுவத்தின் முகாம்களில் அடைபட்டுக் கிடந்த மக்கள் காலி டப்பா, மடக்குக் கட்டிலின் மரம், பாராசூட்டின் நூல் இவற்றை வைத்துச் செய்த கருவி. சாப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் யாரோ உட்கார்ந்து சுருதி சேர்த்திருக்கிறார்கள். சென்செய் அதில் அதே பாட்டின் ஒரு வரியை வாசித்தார். தகரத்தின் கரகரப்பில் கேட்கும்போது அறையில் வேறு யாரோ பாடுவது போலிருந்தது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள். பாடச் சொல்வார்கள், கூச்சப்படாதீர்கள். பாட்டைப் பாடிக்கொண்டே வாசிப்பதுதான் அங்கே முறை. வாங்கி வர ஆசைப்பட்டால் பாம்புத்தோல் கருவி வேண்டாம். மலைப்பாம்புத் தோலை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் சுங்கத்தில் மாட்டுவீர்கள். செயற்கைத் தோல் போர்த்தியதும் கிடைக்கிறது. பயணத்தில் குதிரையைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கான்கராவை நாமே பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்துகொள்ளும் பெட்டி ஒன்றை நான் வாங்கி வந்தேன். வீட்டில் வாசித்தபோது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னடா, மல்லாரி மாதிரி ஆரம்பிச்சுட்டு எங்கயோ போற” என்றாள். போவது உண்மைதான். நி வரும் கட்டத்தில் இன்னும் சுண்டுவிரல் சறுக்குகிறது. வீணையில் இடது சுண்டுவிரலுக்கு வேலையே கிடையாதே.