டீச்சரிடம் கேளுங்கள்: ஏதென்ஸும் ரோமும், வேலூர்க் கண்ணால்

வேலூரில் 31 ஆண்டு பெண் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஏதென்ஸில் உள்ள பார்த்தீனன் கோயிலைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேனோ, கணக்கே இல்லை. மகளோடு ஒன்பது நாள் குழுப் பயணமாகக் கிரேக்கத்தில் ஏதென்ஸ், இத்தாலியில் ரோம், எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய பொம்பெயி நகரம் என்று போய்வந்ததைப் போன இதழில் எழுதினேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஒன்பது நாளில் இரண்டு நாடு என்றால், இறங்கிப் படம் எடுத்து ஏறுவதற்கே நேரம் போய்விடாதா, டீச்சர்? (வாசகி, குடியாத்தம்)

பட்டியலைப் பார்த்து எடுத்தால் போகாது. எங்களுக்கு முதலில் காட்டியதில் ஒன்பது நாளுக்கு ஆறு ஊர் இருந்தது. பாதிப் பொழுது பேருந்திலேயே கழியும் என்று மகள் வேண்டாமென்றாள். பிறகு எடுத்ததில் ஏதென்ஸில் மூன்று இரவு, ரோமில் நான்கு, நேப்பிள்ஸில் ஒன்று. போதுமானதாக இருந்தது. பணம் கட்டும் முன், ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே 'உள்ளே போகிறோமா, வெளியே நின்று பார்க்கிறோமா' என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

நம்மவர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. ரோமில் உள்ள பழைய அரங்கமான கொலோசியத்தில் பெயர் போட்ட டிக்கெட், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்க்கிறார்கள். எங்கள் குழுவில் ஒரு பெரியவருக்குப் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக இருந்தது. பயண ஏற்பாட்டாளர் எடுத்த டிக்கெட்டில் ஒற்றை எழுத்துதான். அவர் மனைவி உள்ளே போய்விட்டார், இவர் நாற்பது நிமிடம் வெளியே நின்றார். கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த அந்த இரண்டு முகங்களையும் என்னால் மறக்க முடியவில்லை. முன்பதிவுத் தாளைக் கேட்டு வாங்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாங்கள் பரம்பரையாகக் கல் வேலை செய்கிறவர்கள். சிமெண்ட் இல்லாத காலத்தில் பளிங்கை எப்படி இணைத்தார்கள்? தூண் ஒரே கல்லா? (வாசகர், ஆரணி)

ஐயா, உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். பார்த்தீனனைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை என் மாணவிகள் யாரும் கேட்டதில்லை.

ஒரே கல் இல்லை. பார்த்தீனனைக் கட்ட ஆரம்பித்தது கி.மு. 447-ல். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பெண்டெலி மலையில் வெட்டிய வெள்ளைப் பளிங்கு. வெளிவரிசைத் தூண்கள் ஏறக்குறைய பத்தரை மீட்டர் உயரம். வட்ட வட்டமாக வெட்டிய பத்துப் பன்னிரண்டு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு தூண். ஒவ்வொரு வட்டக் கல்லின் நடுவிலும் சதுரக் குழி, குழிக்குள் மரக்கட்டை, கட்டையின் நடுவே ஒரு மர முளை. மேல்கல் அந்த முளையைப் பிடித்துக்கொண்டு இம்மி பிசகாமல் கீழ்க்கல்லின்மேல் உட்காரும். கீழே விழுந்து கிடந்த ஒரு கல்லில் அந்தக் குழியைப் பார்த்தேன். நம் வீட்டு உரலைச் சாய்த்துப் போட்டமாதிரி இருந்தது, குழி மட்டும் சதுரம். தூணைச் சுற்றி ஓடும் இருபது பள்ளக் கோடுகளைக் கற்களை அடுக்கி முடித்த பிறகுதான் செதுக்கினார்களாம். அதனால்தான் கல்லுக்குக் கல் கோடு தப்பவில்லை.

சுவர்க் கற்களை இரும்புப் பட்டையால் பிணைத்து, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் மூடியிருந்ததால் இரும்பில் துரு ஏறவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுது பார்த்தவர்கள் ஈயம் இல்லாமல் இரும்பை வைத்துவிட்டார்கள். அது துருப்பிடித்து உப்பி, 2,000 ஆண்டுக்கு மேல் நின்ற கல்லைப் பிளந்துவிட்டது. 1975-ல் தொடங்கிய சீரமைப்பில் அந்த இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள். உடைந்த இடத்துக்கு ஒட்டுப் போட அதே பெண்டெலிக் கல்தான். பழைய கல் தேன் நிறமாக, புதுக் கல் பால் நிறமாகத் தெரிகிறது. சேர்த்தது எது, இருந்தது எது என்பதை மறைக்காத அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நம் கோயில்களில் பழைய கல்மேல் பெயிண்ட் அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அதுதான் நினைவுக்கு வருகிறது.

வழிகாட்டி அம்மாள் எங்களை ஒரு மூலைக்கு அழைத்துப்போய்க் குனியச் சொன்னார். படியின் விளிம்போடு கண்ணை வைத்துப் பார்த்தேன். நேராகத்தானே இருக்க வேண்டும்? நடுவில் வில்போல மேலெழுந்து மறுபடி இறங்குகிறது. சுமார் 69 மீட்டர் நீளத்தில் 11 சென்டிமீட்டர் ஏற்றம். நூல் பிடித்துப் பழகிய உங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பூஜை இல்லை, கூரையும் இல்லை. பாழடைந்த இடத்துக்கு இத்தனை செலவழித்துப் போனதில் என்ன நிறைவு கண்டீர்கள்? (வாசகி, ஆம்பூர்)

எங்கள் தெருவில் காய் கொண்டுவரும் அம்மாவும் இதையேதான் கேட்டார்: "இன்னா டீச்சர், அம்மாந்தூரம் போயி இடிஞ்ச செவுரையா பாத்துட்டு வந்தீங்கோ?"

நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில் என்று வேலூரைச் சொல்வார்களே, அந்த வேலூரில் பிறந்தவள் நான். சிறுமியாக இருந்தபோது கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் வெறும் மண்டபமாகத்தான் இருந்தது. கருவறையில் இருட்டும் வௌவால் வாடையும். பாட்டி மட்டும் அந்த இருட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். 1981-ல் லிங்கம் திரும்பி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். பாட்டி அதைப் பார்க்க இல்லை.

பார்த்தீனன் அத்தீனா தேவியின் கோயில். பிறகு தேவாலயம், அதன் பிறகு மசூதி. துருக்கியர் அதற்குள் வெடிமருந்து வைத்திருந்தார்கள். 1687-ல் வெனிஸ் படை சுட்ட குண்டு உள்ளே விழுந்து நடுப்பகுதி சிதறியது. மிஞ்சிய சிற்பங்களில் ஏறக்குறைய பாதியை 1801 முதல் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பெயர்த்து எடுத்தார்கள். அவை இன்றும் லண்டனில்தான். பார்த்தீனன் நிற்கும் அக்ரோபோலிஸ் மலையின் அடிவாரத்தில் 2009-ல் திறந்த அருங்காட்சியகத்தில், பக்கத்துக் கோயிலான எரெக்தியனின் முகமண்டபக் கூரையைத் தலையில் தாங்கி நின்ற பெண்சிலைகள் ஐந்தை வைத்திருக்கிறார்கள். ஆறாவது லண்டனில். அவள் நிற்க வேண்டிய இடத்தை வேறு எதுவும் வைக்காமல் காலியாகவே விட்டிருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தின் முன் என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

கைப்பேசியில் எல்லாம் இருக்கிறதே, வழிகாட்டி எதற்கு? (கல்லூரி மாணவர், காட்பாடி)

தம்பி, கைப்பேசி நீ கேட்டதைத்தான் சொல்லும். கொலோசியத்தின் சுவரெங்கும் அம்மை வடுபோலக் குழிகள். குண்டு பட்ட தழும்பு என்றே நினைத்திருந்தேன். கற்களைப் பிணைத்த இரும்பை இடைக்காலத்தில் மக்கள் தோண்டி எடுத்துக்கொண்ட தடம் என்று வழிகாட்டி சொன்னார். கட்டடம் கி.பி. 80-ல் திறந்தது. தரைத்தளத்தில் 80 வளைவு வாசல்கள், பெரும்பாலானவற்றின் மேலே ரோமன் எண்கள். டிக்கெட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அன்றைக்கே வாசல் தேடிப் போயிருக்கிறார்கள். அழியாமல் இருக்கும் எண்களில் ஒன்றை அண்ணாந்து பார்த்துப் படித்தேன்.

பொம்பெயியில் தெருவின் குறுக்கே மூன்று பெரிய கற்கள், நடுவே இடைவெளி. மழைநீரும் கழிவுநீரும் தெருவோடு ஓடும்போது ஆட்கள் கல்மேல் கால் வைத்துக் கடப்பார்கள், வண்டிச் சக்கரம் இடைவெளியில் போகும். தெருக்கல்லில் சக்கரத் தடம் கைவிரல் புதையும் ஆழத்துக்கு இருக்கிறது. ரொட்டிக் கடை ஒன்றில் எரிமலைக் கல்லில் செய்த மாவு அரைக்கும் கல்லைப் பார்த்தேன். இடுப்பு சிறுத்து, என் மார்பு உயரம். எங்கள் பாட்டி கேழ்வரகு திரித்த திருகையும் இதுவும் செய்கிற வேலை ஒன்றுதான், இதைச் சுற்ற மட்டும் கழுதை. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்த நாளில் அடுப்பில் இருந்த ரொட்டிகள் கரியாகி அப்படியே கிடைத்திருக்கின்றன, மேலே எட்டுத் துண்டாகப் பிய்க்கக் கோடு போட்டபடி.

எனக்கு 68 வயது, முழங்கால் வலி. ஏற முடியுமா? (வாசகர், ராணிப்பேட்டை)

முடியும், அவசரப்படாவிட்டால். அக்ரோபோலிஸ் மேல் பளிங்கு லட்சக்கணக்கான கால் பட்டு வழுவழுவென்று இருக்கிறது. ரப்பர் அடி உள்ள மூடிய காலணி போடுங்கள், செருப்பு வேண்டவே வேண்டாம். அக்னி நட்சத்திரத்தைப் பார்த்தவர்கள் என்ற தைரியமும் வேண்டாம். அங்கே நிழல் இல்லை, வெள்ளைக் கல் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. கடும் வெயில் நாட்களில் மதியத்தில் மூடியே விடுகிறார்கள். காலை திறக்கும்போதே போய்விடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (வாசகி, வாணியம்பாடி)

கிடைக்கும். தக்காளிச் சாறு விட்ட பாஸ்தா, மீனோ கறியோ இல்லாத பீட்சா, கிரேக்கத்தில் கீரை வைத்த அப்பம். பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துப்போங்கள்.

தமிழ்நாட்டுக்கும் ரோமுக்கும் வாணிபம் இருந்தது என்கிறார்களே, அங்கே அதற்கு அடையாளம் ஏதாவது பார்த்தீர்களா? (வாசகர், வாலாஜாபேட்டை)

பார்த்தேன். பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமாபுரி மன்றத்தில் மாக்சென்டியஸ் மன்னன் கட்டிய பிரமாண்டமான மண்டபம் இருக்கிறது. அது நிற்கும் இடத்தில் அதற்கு முன்பு டொமிஷியன் மன்னன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறித் துறையில் பொன்னுக்கு ஈடாக யவனர் கப்பலில் ஏற்றிய மிளகு வந்து இறங்கியதெல்லாம் இப்படிப்பட்ட கிடங்குகளில்தான். வழிகாட்டி இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் நின்றுவிட்டேன், மகள் திரும்பி வந்து கூட்டிப்போக வேண்டியிருந்தது. நம் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது கிடைத்த இத்தாலியச் சிவப்புப் பானை ஓடுகளைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த வியாபாரத்தின் மறுமுனை என் காலடியில் இருந்தது.

இன்னொன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில். பயணத் திட்டத்தில் அது இல்லை. கடைத்தெருவுக்கு ஒதுக்கிய அரை நாளை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போனோம். 1938-ல் பொம்பெயியில் ஒரு வீட்டில் கிடைத்த தந்தச் சிலை, ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தியாவில் செதுக்கியது. லட்சுமி என்றார்கள், இப்போது யட்சி என்கிறார்கள். கை நிறைய வளையல், காலில் தண்டை, இரு பக்கமும் இரண்டு சின்னத் தோழிகள். அத்தனை வெள்ளைப் பளிங்குக்கு நடுவே நம் வீட்டுப் பெண் ஒருத்தியைப் பார்த்தது போலிருந்தது. மகள் எதுவும் பேசவில்லை, தன் வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு எட்டாவது படிக்கும் பெண்ணோடு போகிறோம். அவளை எப்படித் தயார் செய்வது? (வாசகி, சத்துவாச்சாரி)

புத்தகம் வேண்டாம். முதலில் கோட்டைக்குள் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப்போய், ஒரு தூணைக் காட்டி, இது எத்தனை கல் என்று கேளுங்கள். யாளியும் குதிரைவீரனும் ஒரே கல்லில் வந்திருப்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். ஏதென்ஸ் தூணைப் பார்த்தவுடன் வித்தியாசம் புரிந்துவிடும்.

பிறகு ஒரு நாள், வேலூருக்குப் பக்கத்தில் உள்ள விரிஞ்சிபுரம் கோயில். ஏன் என்று சொல்கிறேன். ரோமில் பாந்தியன் என்றொரு கோயில், 1,900 ஆண்டு ஆகப்போகிறது. கம்பி வைக்காத கான்கிரீட் கூரை, விட்டம் 43 மீட்டர், உச்சியில் மூடாத வட்டத் துளை. மழை உள்ளே விழும், தரையில் நீர் வடிய ஓட்டைகள் உண்டு. அந்தத் துளை வழியாக இறங்கும் வெயில் வட்டம் பொழுதுக்குத் தக்கபடி சுவரில் நகர்கிறது. நாங்கள் போனபோது அது ஒரு மாடத்தின் விளிம்பில் இருந்தது, கிளம்பும்போது மாடத்துக்குள் போய்விட்டது. விரிஞ்சிபுரம் கோயிலில் நேரம் காட்டும் கல்லை அவளுக்குக் காட்டுங்கள். குச்சியை அவள் கையால் வைக்கட்டும், காலை ஒன்பதுக்கு ஒருமுறையும் பதினொன்றுக்கு ஒருமுறையும் நிழல் எங்கே விழுகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.