கடையில் மூன்று கணினி, வாசல் ஒன்று

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எங்கள் துணிக்கடை, வீடு பாலத்துக்கு அப்பால் பிறையில். கடையில் ஒரே ரூட்டரில் கல்லா, சரக்கு, கணக்கு என்று மூன்று கணினிகள். இரவில் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க தொலைவிலிருந்து கணினியின் திரையை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வைத்து, மூன்றுக்கும் ரூட்டரில் அதன் வாசல் எண்ணான 3389 போர்ட்டைத் திறந்தேன். கணக்குக் கணினி மட்டும்தான் கிடைத்தது. போன வாரம் மின்சாரம் போய் வந்ததிலிருந்து அதைக் கூப்பிட்டால் கல்லா திறக்கிறது. என்ன செய்வது?

பதில்: கல்லா திறக்கிறதே, அது நல்ல செய்திதான். வெளியிலிருந்து ஏதோ ஒன்றுக்கு வழி இருக்கிறது என்று பொருள். பழுது இணைப்பில் இல்லை, முகவரியில் இருக்கிறது.

உங்கள் தெருவில் பழைய கடைவீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒரே கதவு எண், மாடியில் மூன்று குடித்தனம். தபால்காரருக்குக் கதவு எண் மட்டுமே தெரியும். ரூட்டரும் அப்படித்தான். இணையத்துக்குத் தெரிவது அதன் ஒரு பொது ஐபி முகவரி மட்டுமே. உள்ளே இருக்கும் 192.168.1.20 போன்ற எண்கள் கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும். 3389-க்கு வருவதை யாரிடம் கொடுப்பது என்று ரூட்டரில் ஒரு பெயரைத்தான் எழுத முடியும். நீங்கள் மூன்று எழுதினீர்கள். அது ஒன்றை வைத்துக்கொண்டது.

அந்த உள் எண்ணும் நிலையானதல்ல. மின்சாரம் வந்ததும் எந்தக் கணினி முதலில் விழித்துக் கேட்டதோ, அதற்கு .20 போயிருக்கும். இந்த முறை கல்லா முந்திக்கொண்டது. ரூட்டரில் உள் எண்களைப் பகிர்ந்தளிக்கும் டிஎச்சிபி பக்கத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்ணை ஒதுக்கிவையுங்கள். இந்தக் குழப்பம் தீரும். பிறகு வெளியே 3390, 3391, 3392 என்று தனித்தனி எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் அந்தந்தக் கணினியின் 3389-க்குத் திருப்பினால் மூன்றும் கிடைக்கும்.

வழியைச் சொல்லிவிட்டு, இதைச் செய்யாதீர்கள் என்றும் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்காக நானே ஒரு வெள்ளிக்கிழமை மாலை 3389-ஐத் திறந்துவைத்தேன். திங்கள் காலை விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைப் பார்த்தால், 4625 என்ற எண்ணுடன் தோற்றுப்போன நுழைவு முயற்சிகள் பக்கம் பக்கமாக நின்றன. யாரும் அவரைக் குறிவைக்கவில்லை. திறந்த கதவுகளைத் தேடி இரவும் பகலும் தட்டிக்கொண்டே போகும் நிரல்கள் அவை. எண்ணை மாற்றினால் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும், அவ்வளவுதான். 2019-இல் புளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தபோது, பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் கடவுச்சொல்லே இல்லாமல் இந்த வழியாக நுழைய முடிந்தது. கல்லாவை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டுமா?

விபிஎன் போடுங்கள், அதாவது உங்கள் கணினிகளுக்கு மட்டுமான தனி இணைப்பு. டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை மூன்று கணினிகளிலும் உங்கள் மடிக்கணினியிலும் நிறுவி, ஒரே பயனர் கணக்கில் இணைத்தால், ஒவ்வொன்றுக்கும் 100 என்று தொடங்கும் மாறாத எண் கிடைக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம். ரூட்டரின் வெளிமுகவரியே 100.64 முதல் 100.127 வரைக்குள் இருப்பவர்களுக்குப் பொது ஐபி கிடையாது. போர்ட் திறந்தும் பயனில்லை. அவர்களுக்கும் இது வேலை செய்யும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். டெயில்ஸ்கேல் விருப்பங்களில், ஆள் இல்லாமலும் இயங்கும் முறையை இயக்குங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்து, யாராவது உள்நுழையும் வரை அது உறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் பாலம் தாண்டி வர வேண்டியதுதான். மற்றொன்று, டெயில்ஸ்கேலின் இணைப்புச் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். கடைக் கணினிகளுக்கு அந்தக் காலாவதியை நிர்வாகப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள்.

கல்லாவுக்குள் பகலில் நுழையாதீர்கள். சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நீங்கள் உள்ளே வந்ததும் காசாளரின் திரை பூட்டிக்கொள்ளும், எதிரே வாடிக்கையாளர் சேலையோடு நிற்பார். விண்டோஸ் ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப் வழியில் யாரையும் உள்ளே விடாது, புரோ வேண்டும். கடவுச்சொல் இல்லாத பயனர் கணக்கும் ஏற்கப்படாது. மூன்று கணினிகளும் தூங்கிப்போகாமல் மின்சார அமைப்பையும் மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கடையின் வைஃபையிலிருந்து சோதித்துத் திருப்திப்படாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். கணினிகள் தாமாக எழவில்லையென்றால், மின்சாரம் திரும்பியதும் இயங்கும்படி, விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் பயாஸ் அமைப்பில் மாற்றுங்கள். பிறகு கைப்பேசியில் வைஃபையை நிறுத்தி, அதன் இணையத்தை மடிக்கணினிக்குக் கொடுத்து, கடை வாசலில் நின்றே மூன்றையும் கூப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் திறந்தால், ரூட்டருக்குள் போய் அந்த 3389 வரிகளை அழித்துவிட்டுப் பிறைக்குக் கிளம்புங்கள்.