'டீஸ்' இருந்த இடத்தில் 'ரிடிக்யூல்' வைத்தால் புகாராகிவிடும்

கேள்வி: என் புது ஹேர்கட்டைப் பார்த்து அலுவலகத்தில் எல்லோரும் கிண்டலடித்தார்கள். ஜாலியான விஷயம்தான். மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் அதைச் சொல்லும்போது முதலில் 'டீஸ்' என்று எழுதினேன். சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்ததால், இணையத்தில் ஒரு இணைச்சொல் பட்டியலைப் பார்த்து 'ரிடிக்யூல்' என்று மாற்றினேன். "புகார் கொடுக்க விரும்புகிறீர்களா?" என்று பதில் வந்திருக்கிறது. அகராதியில் இரண்டுக்குமே 'கேலி செய்' என்றுதானே இருக்கிறது?

பதில்: முதல் வேலையாக இரண்டு வரி பதில் அனுப்பிவிடுங்கள். "தே வேர் ஜஸ்ட் டீசிங் மீ. இட் வாஸ் ஆல் இன் குட் ஃபன்." அதோடு அந்த விவகாரம் முடிந்துவிடும். காரணத்தைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

'ரிடிக்யூல்' என்றால் ஏளனம். நாலு பேர் முன்னால் ஒருவரை மட்டமாக்கிச் சிரிப்பது. சிரிப்பில் அந்த ஆளுக்குப் பங்கு கிடையாது. 'டீஸ்' அப்படியல்ல, கிண்டலுக்கு ஆளானவரும் சேர்ந்து சிரிக்க அதில் இடம் உண்டு. உங்கள் மேலாளர் படித்தது, "என்னை எல்லோர் முன்னாலும் கேவலப்படுத்தினார்கள்" என்று. அவர் கேட்டதில் தப்பே இல்லை.

தப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. 'ஆயிரம் இணைச்சொற்கள்' என்று பிடிஎஃப் விற்கிறவர்களும், முப்பது நாளில் ஆங்கிலம் என்று பணம் வாங்குகிறவர்களும், எழுதியதை 'மெருகேற்றி'த் தரும் செயலிகளும் செய்கிற காரியம் ஒன்றுதான்: டீஸ், மாக், டாண்ட், ரிடிக்யூல், டிரைட் (இகழ்ந்து சிரிப்பது) எல்லாவற்றுக்கும் நடுவில் சமக்குறி போட்டுவிடுவது. தேர்வு முறையும் இதற்கு உடந்தை. நான்கு விடைகளில் 'நெருங்கிய' சொல்லைத் தேர்ந்தெடு என்பார்கள். பல தேர்வுகளில் வாக்கியமே தர மாட்டார்கள். அப்படிப் படித்து முழு மதிப்பெண் வாங்கியவர் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். 1852-ல் வெளிவந்த ரோஜெட் தெசாரஸ் சொற்களைக் கருத்துவாரியாக அடுக்கிய நூல். தெரிந்த சொல் நினைவுக்கு வராமல் தவிப்பவருக்குத்தான் அந்த அடுக்கு உதவும். தெரியாத சொல்லை அதிலிருந்து உருவி எடுத்து வாக்கியத்தில் செருகினால் வம்பு.

தமிழில் கிண்டல், நக்கல், ஏளனம், பழிப்பு எல்லாம் ஒன்றா? ஆங்கிலத்திலும் அப்படியே. 'மாக்' நக்கலுக்குப் பக்கத்தில் வரும். ஒருவர் நடப்பதையோ பேசுவதையோ அதேபோல் செய்து பழிப்புக் காட்டுவதும் அதில் அடக்கம். 'டாண்ட்' குத்திக்காட்டுவது, எதிராளிக்குக் கோபம் வரவேண்டும் என்பதே நோக்கம். 'ஜியர்' கூட்டம் கூச்சலிட்டுச் சிரிப்பது. 'கிட்', 'ரிப்', 'ஜோஷ்' மூன்றும் நட்பான கிண்டல், பேச்சுவழக்கு. கேலிப்பேச்சைக் குறிக்கும் 'ரெய்லரி', 'பாடினாஜ்' போன்றவை ஏட்டுச்சொற்கள், அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். நாம் எதற்கெடுத்தாலும் சொல்கிற 'ட்ரோல்' ஆங்கிலத்தில் பெரும்பாலும் இணையத்தில் வேண்டுமென்றே வம்பிழுப்பது. ஹேர்கட் சமாச்சாரத்துக்குப் பொருந்தாது.

'பேன்டர்' மட்டும் தனி ரகம். அது இருவழிப் பாதை: நீங்கள் ஒன்று சொல்ல, அவர் ஒன்று திருப்பிச் சொல்ல வேண்டும். நீங்கள் வாயே திறக்கவில்லை என்றால் அது பேன்டர் அல்ல. எண்ண முடியாத பெயர்ச்சொல் என்பதால் 'எ பேன்டர்' என்று எழுதக் கூடாது. 'சம் பேன்டர்', 'எ பிட் ஆஃப் பேன்டர்' என்று எழுதலாம்.

'டீஸ் வித் மீ' என்பது நம் ஊர்ப் பேச்சை அப்படியே ஆங்கிலமாக்குவதால் வரும் பிழை. 'டீஸ்ட் மீ அபௌட் மை ஹேர்கட்' என்பதே சரி. 'மேக் ஃபன்' என்றால் பின்னால் 'ஆஃப்' வரும். 'போக் ஃபன்' என்றால் 'அட்'. 'புல்லிங் மை லெக்' என்பது நாம் சொல்லும் 'காலை வாருவது' இல்லை. இல்லாத ஒன்றை விளையாட்டாகச் சொல்லி நம்பவைப்பது அது. உங்கள் ஹேர்கட்டைப் பார்த்துச் சிரித்ததற்கு அதைப் போட முடியாது. "புது ஹேர்கட்டுக்கு அலுவலகத்தில் தடை விதித்திருக்கிறார்கள்" என்று யாராவது உங்களை ஏமாற்றியிருந்தால் போடலாம்.

இனி, பலரும் வழுக்கி விழும் இடம். 'டீஸ்' வினைச்சொல்லாக இருக்கும்வரை கவலையில்லை. ஒரு பெண்ணைப் பற்றி 'ஷி இஸ் எ டீஸ்' என்று பெயர்ச்சொல்லாக எழுதினால், ஆசை காட்டிவிட்டு நழுவுகிறவள் என்ற கொச்சையான பொருள் வந்துவிடும். கிண்டல் பேர்வழி என்று பாராட்ட நினைத்து எழுதியிருப்பீர்கள். படிப்பவர் முகம் மாறும். பழைய பிரிட்டிஷ் எழுத்தில் வீட்டுப் பெரியவரைக்கூட 'எ டெரிபிள் டீஸ்' என்று செல்லமாகச் சொல்லியிருப்பார்கள். அங்கே குறும்புக்காரர் என்ற பொருள்தான். அதைப் படித்த தைரியத்தில் இன்றைக்குச் சக ஊழியரைப் பற்றி அப்படி எழுதிவிடாதீர்கள். ஆண் என்றாலும் வேண்டாம். 'லைக்ஸ் டு டீஸ் பீப்பிள்' என்று வினையாக மாற்றிவிட்டால் சிக்கல் இல்லை. 'டீஸர்' என்று போட்டுத் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். முன்னோட்ட விளம்பரமும் புதிரும்தான் முதலில் நினைவுக்கு வரும். 'ஈவ் டீசிங்' தெற்காசிய ஆங்கிலத்தில் மட்டும் புழங்குவது. பாலியல் தொல்லைக்கு விளையாட்டுச் சொல்லை ஒட்டவைத்த கொடுமை அது. வெளிநாட்டவருக்குப் புரியவும் புரியாது. 'செக்ஷுவல் ஹராஸ்மென்ட்' என்றே எழுதுங்கள்.

ஒரு சொல்லை மாற்றும் முன் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியவற்றின் கற்போர் அகராதிகளில் ஒன்றைத் திறங்கள், இணையத்தில் இலவசம். பொருளைப் படித்ததும் மூடிவிடாமல் உதாரண வாக்கியங்களையும் படியுங்கள். 'அன்கைண்ட்' என்ற சொல் விளக்கத்தில் இருந்தாலே எச்சரிக்கை. 'இன்ஃபார்மல்' என்றிருந்தால் மேலாளருக்கு எழுதும் முன் யோசியுங்கள். கடைசியாக ஒரு சோதனை: 'பிளேஃபுல்' என்பதை முன்னால் வைத்துப் பாருங்கள். 'பிளேஃபுல் டீசிங்', 'பிளேஃபுல் பேன்டர்' இயல்பாக ஒட்டும். 'பிளேஃபுல் ரிடிக்யூல்' ஒட்டாது.

'டீஸ்' சின்னப்பிள்ளைச் சொல் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ! ஆய்வுக் கட்டுரைகளிலும் செய்தித்தாள்களிலும் புழங்குகிற சொல் அது. நீங்கள் முதலில் எழுதியதே சரி.