அழற்சி மரபணுவில் மாறுபாடு என்று அறிக்கை வந்தால் புராஸ்டேட் புற்றுநோய் வருமா?

உங்களுக்கு வயது 42, அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், எச்சில் அனுப்பி எடுத்த மரபணு அறிக்கையில் 'அழற்சி மரபணு மாறுபாடு, ஆபத்து அதிகம்' என்று போட்டிருக்கிறார்கள், எனக்கும் வருமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பா விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் டாக்டர் இல்லை. பெரியப்பாவுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் வைத்தியம் நடந்தபோது கூட இருந்து, அப்புறம் தேடித் தேடிப் படித்தவன்.

அழற்சி என்பது தொற்றையோ காயத்தையோ உடம்பு எதிர்க்கும்போது வரும் வீக்கம். அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்பது வெறும் கற்பனை இல்லை. புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி; அதன் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சி அடிக்கடி தென்படும். 1999-இல் அமெரிக்க ஆய்வாளர் டி மார்சோ குழுவினர், அழற்சியோடு சுருங்கிப்போயும் செல்கள் மட்டும் வேகமாகப் பெருகும் இடங்களைக் காட்டி, புற்றுநோய் இங்கிருந்து தொடங்கலாம் என்றார்கள். 2002-இல் இந்நோய் பரம்பரையாக வரும் குடும்பங்களில் ஆர்என்ஏசெல், எம்எஸ்ஆர்1 என்ற மரபணுக்கள் பிடிபட்டன. இரண்டுமே உடம்பு கிருமிகளை எதிர்ப்பதோடு தொடர்புள்ளவை. ஸ்வீடனில் கிருமியை அடையாளம் காண உதவும் டிஎல்ஆர்4 என்ற மரபணுவைப் பார்த்தார்கள். பரபரப்பாகத்தான் இருந்தது. ஆனால் வேறு நாடுகளில், வேறு ஆட்களிடம் பார்த்தபோது முடிவுகள் ஒத்துவரவில்லை. பிறகு முழு மரபணுத் தொகுதியையும் சலித்த ஆய்வுகளில் முன்னால் வந்து நின்றது இந்த அழற்சி மரபணுக்கள் இல்லை, 8-ஆம் குரோமோசோமின் 8க்யூ24 என்ற பகுதி. 2021-இல் வந்த பெரிய ஆய்வு 269 மாறுபாடுகளைப் பட்டியலிட்டது. பெரும்பாலானவை தனித்தனியாகக் கூட்டும் ஆபத்து சொற்பம். அதில் பங்கேற்றவர்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிக அதிகம். இந்த நிலையில் ஒன்றிரண்டு அழற்சி மரபணுவைக் காட்டி 'ஆபத்து அதிகம்' என்று அச்சடிப்பது, என்னைக் கேட்டால், வியாபாரம்.

அப்பாவுக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ நோய் இருந்தால் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. இதைத் தெரிந்துகொள்ள எச்சில் அனுப்பவே வேண்டாம். அத்தை, பாட்டி யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். நம் வீடுகளில் 'வயித்துல கட்டி' என்று சொல்லி மூடியிருப்பார்கள், விடாமல் கேளுங்கள். இருந்தால், அந்தப் புற்றுநோய்களோடும் தொடர்புள்ள பிஆர்சிஏ2 என்ற மரபணுவுக்குப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் பேசுங்கள். அந்த மரபணுவில் பழுது இருந்தால் ஆபத்து நிஜமாகவே பல மடங்கு.

பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு) ரத்தப் பரிசோதனை பற்றி 45 வயதிலேயே பேசத் தொடங்கலாம். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது மட்டும் எடுக்காதீர்கள். அழற்சியாலேயே அளவு ஏறிவிடும். குணமாகிச் சில வாரம் போகட்டும். கடலூர் லேப்பில் எடுத்தாலும் சரி, பழைய முடிவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். ஜிப்மரில் சிறுநீரியல் (யூராலஜி) டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அழற்சி அடங்க தினம் ஆஸ்பிரின் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்களாகத் தொடங்க வேண்டாம். வயிற்றில் ரத்தம் கசியும் அபாயம் உறுதியாகத் தெரிந்த ஒன்று. புராஸ்டேட்டுக்கு லாபம் உண்டு என்பது நிரூபணமாகவில்லை.